வேளாண் அலுவலர் ஏன் வயலுக்கு வருவதில்லை? ஓர் எளிய விளக்கம்

"எங்க ஊரு ஏஏஓ யாருன்னே எனக்குத் தெரியாது." மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனவர்கள் இந்தக் குறையைக் கேட்டிருப்பார்கள். அதே அலுவலரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். "இருக்கிற வேலையில வயலுக்கு எப்பங்க போறது?" என்பார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் ஊர்ப் பேச்சு முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. "கவர்மென்ட் சம்பளம், கேட்க ஆளில்லை" என்று தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. துடிப்பான இளைஞர் ஒருவர் பணியில் சேர்ந்து, ஓராண்டுக்குள் முன்பிருந்தவர் போலவே கோப்புக்குள் மூழ்கிப்போவதைப் பார்த்தவர்களுக்குக் கோளாறு ஆளையும் தாண்டி இருக்கிறது என்ற ஐயம் வந்திருக்கும். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஆராய்ச்சி நிலையத்தில் விளைந்த அறிவை வயலுக்கும், வயலில் முளைத்த சிக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் கொண்டுபோகிறவர் விரிவாக்கப் பணியாளர். தமிழ்நாட்டில் உதவி வேளாண்மை அலுவலர், அதாவது நாம் 'ஏஏஓ' என்று சொல்பவர், இந்த வேலையின் கடைசிக் கண்ணி. யாருக்குக் கீழ் யார், யாருக்கு எந்த வேலை, எதை யார் முடிவு செய்யலாம், எந்த வேலையை மேலிடம் எண்ணிப் பார்க்கிறது என்ற ஏற்பாட்டுக்கு நிறுவனக் கட்டமைப்பு என்று பெயர்.

## பந்தியில் ரசம் வராத கதை

கல்யாணப் பந்தி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ரச வாளியோடு ஒருவர் வருகிறார். ஒரு வரிசைக்கு அவர் ஒருவர் என்றால் முகம் பார்த்து, கை காட்டினால் நின்று, இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போவார். அவரையே நான்கு வரிசைக்கு விடுங்கள். நடுவில் பெண் வீட்டுப் பெரியவர் கூப்பிட்டு "தண்ணி கேன் வந்திருக்கு, இறக்குப்பா" என்கிறார். மாப்பிள்ளை வீட்டார் "மொய் எழுத ஆளில்லை, வந்து உட்காரு" என்கிறார்கள். ரசத்தில் உப்பு இல்லை என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அதைச் சமையல்கட்டில் போய்ச் சொன்னால் "நீ ஊத்துற வேலையைப் பாரு" என்று பதில் வருகிறது.

இலை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதெல்லாம் ரசம் வரவில்லை என்பது மட்டுமே. அவர் திட்டுவதும் வாளிக்காரரைத்தான்.

ஏஏஓவின் நிலைமையும் இதுவே. எத்தனை வரிசை என்பது பணிப்பரப்பு. யார் சொல்வதைக் கேட்பது என்பது கட்டளைக் கோடு. பரிமாறுவதா, மொய் எழுதுவதா என்பது பணிப் பங்கீடு. உப்பு இல்லை என்ற சேதி சமையல்கட்டை எட்டுகிறதா என்பது பின்னூட்டம். இந்த நான்கும் கட்டமைப்பின் உறுப்புகள். இவற்றில் ஒன்றைக்கூட வாளிக்காரர் தானாக மாற்றிக்கொள்ள முடியாது.

## தமிழ்நாட்டு ஏணி

சென்னை சேப்பாக்கத்தில் வேளாண்மை இயக்குநர் இருக்கிறார். மாவட்டத்தில் வேளாண்மை இணை இயக்குநர், வட்டாரத்தில் வேளாண்மை உதவி இயக்குநர், அவருக்குக் கீழ் வேளாண்மை அலுவலர், துணை வேளாண்மை அலுவலர். ஏணியின் அடிப்படியில், சில கிராமங்களைக் கையில் வைத்துக்கொண்டு உதவி வேளாண்மை அலுவலர்.

இந்த ஏணிக்குப் பக்கத்திலேயே வேறு ஏணிகளும் உண்டு. 1979இல் தோட்டக்கலை தனித் துறையானது. வேளாண் பொறியியல் தனி, விற்பனை தனி, விதைச்சான்று தனி. ஆகவே நெல்லும் வாழையும் வைத்திருக்கும் ஒரே குடும்பம் நெல்லுக்கு ஒருவரையும் வாழைக்கு இன்னொருவரையும் பார்க்க வேண்டும். பவர் டில்லர் மானியத்துக்கு மூன்றாவது அலுவலகம். அறிவைப் பயிர்வாரியாகக் கூறுபோட்டால் ஒவ்வொருவரும் தன் பயிரில் ஆழமாகலாம் என்பது இதன் நியாயம். ஆனால் உழவர் வயலைப் பயிர்வாரியாகப் பார்ப்பதில்லை. அவருக்கு அது ஒரே வரப்பு, ஒரே கிணறு, ஒரே கடன்.

## ஏஏஓவின் ஒரு நாள்

வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தைப் பல ஊர்களில் இன்னும் 'டிப்போ' என்றுதான் சொல்கிறார்கள். விதை, உயிர் உரம், நுண்ணூட்டக் கலவை எல்லாம் அங்கே விற்பனைக்கு வரும். அவற்றை விற்றுத் தீர்ப்பதில் ஏஏஓவுக்குப் பங்கு உண்டு. மானியத் திட்டங்களுக்குப் பயனாளி தேர்வு, சிட்டா அடங்கல் ஆதார் நகல் வாங்குதல், செயலியில் ஏற்றுதல், வெள்ளம் வந்தால் பயிர்ச்சேதக் கணக்கு, காப்பீட்டுக்காகப் பயிர் அறுவடைப் பரிசோதனை, ஆய்வுக் கூட்டத்துக்கு அறிக்கை. இதற்கெல்லாம் நடுவில்தான் "உங்க பயிரு எப்படி இருக்கு?" என்ற கேள்வி.

ஒருவரிடமே ஒன்றோடொன்று இடிக்கும் பொறுப்புகளைக் கொடுப்பதற்குப் பொறுப்பு மோதல் என்று பெயர். வேலை அதிகம் என்பதைவிட இது கடுமையானது. "உங்களுக்கு இந்த ஆண்டு சொட்டுநீர் தேவையில்லை" என்று நேர்மையாகச் சொல்ல வேண்டியவரே திட்ட இலக்கையும் முடிக்க வேண்டியிருக்கிறது. சேதக் கணக்கில் யார் பெயர் வரும், வராது என்று முடிவு செய்கிறவரே மறுநாள் அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நம்பிக்கையோடு பேச வேண்டியிருக்கிறது. நம்பிக்கையே முதலாக இருக்கும் வேலையில் இது அந்த முதலையே கரைக்கிறது.

இதுவரை பார்த்தது: அலுவலரின் நாளைத் தீர்மானிப்பது அவருடைய மனம் மட்டும் இல்லை. அவருக்கு மேலே உள்ள ஏணியும், அவர் தலையில் ஏற்றப்பட்ட வேலைகளின் கலவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இந்தக் கலவை எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

## கிராம சேவகர் காலம்

1948இல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அதற்கு வழிகாட்டினார். சில ஊர்களுக்கு ஒரு பணியாளர், அவரே உழவருக்கு எல்லாமும் என்பது அதன் அடிப்படை. 1952 அக்டோபர் 2 அன்று 55 சமுதாய வளர்ச்சித் திட்டங்களாக அது நாடு முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டே தேசிய விரிவாக்கப் பணியும் வந்தது.

அந்தக் கிராம சேவகருக்குப் பயிரும் வேலை, சாலையும் வேலை, சுகாதாரமும் முதியோர் கல்வியும் வேலை. ஊரில் அவருக்கு மதிப்பு இருந்தது. ஆனால் பயிரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அவரிடம் ஆழமான அறிவும் இல்லை, நேரமும் இல்லை. 1960களில் உயர் விளைச்சல் ரகங்கள் வந்தபோது இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது.

## பதினைந்து நாளுக்கு ஒருமுறை

அதற்கு விடையாக வந்தது பயிற்சி மற்றும் பார்வையிடல் முறை. டேனியல் பெனோர் என்ற இஸ்ரேலியர் வகுத்தது. உலக வங்கி பணம் கொடுத்தது. இந்தியாவில் 1970களின் நடுவில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்தின் சம்பல் பாசனப் பகுதிகளில் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தது. கட்டமைப்பை மாற்றினால் வேலை எப்படி மாறும் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

பெனோர் செய்தது என்ன? கிராமப் பணியாளரின் தலையிலிருந்து விரிவாக்கம் தவிர்த்த எல்லா வேலையையும் இறக்கினார். உரம் விற்காதே, கடன் வசூலிக்காதே, கணக்கெடுக்காதே. அவர் பொறுப்பில் உள்ள உழவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்தார். இரண்டு வாரத்தில் எட்டு நாள், நாளுக்கு ஒரு குழு. மிச்ச நாள்களில் ஒன்று பயிற்சிக்கு. அந்தப் பட்சத்தில் பயிருக்கு என்ன தேவையோ அதைப் பொருள் வல்லுநர் சொல்லிக் கொடுப்பார். ஏறக்குறைய எட்டுப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். ஒருவர் எத்தனை பேரைக் கண்காணிக்கிறார் என்ற இந்த எண்ணிக்கைக்கு மேற்பார்வை வீச்சு என்று பெயர். வீச்சு அகன்றால் மேலதிகாரி வயலுக்கு வர முடியாது. தாளில்தான் மேற்பார்வை செய்வார்.

இதில் மிகக் கூர்மையான ஏற்பாடு ஒன்று உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வருகை நாள் நிலையானது. உங்கள் குழுவுக்குச் செவ்வாய் என்றால் ஒன்றுவிட்ட ஒவ்வொரு செவ்வாயும் செவ்வாய்தான். வராவிட்டால் ஊருக்கே தெரியும். மேலதிகாரியும் அந்தச் செவ்வாயன்று அந்த வரப்புக்கு நேராக வந்து பார்க்கலாம். அதுவரை அலுவலரின் வருகை அதிர்ஷ்டம் போல இருந்தது. நாள் குறித்ததும் அது கேட்டுப் பெறக்கூடிய உரிமை ஆனது.

பலன் இருந்தது. பாசன வசதியுள்ள, ஒரே பயிர் பெரும்பரப்பில் உள்ள இடங்களில் இந்த முறை நன்றாகவே நடந்தது. ஆராய்ச்சியாளரும் கள அலுவலரும் உட்கார்ந்து பேசும் மாதாந்திர மண்டலப் பணிமனை இந்தக் காலத்தின் கொடை.

பிறகு ஏன் தேய்ந்தது? செய்தி தீர்ந்துபோனது ஒரு காரணம். நாற்றின் வயது, பயிர் இடைவெளி, உர அளவு என்று சில பருவங்கள் சொன்ன பிறகு மேலிருந்து வந்த பாடம் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தது. முடிவுகள் மேலிடத்திலேயே குவிந்திருப்பதை மையப்படுத்தல் என்கிறோம். பாசன நிலத்துக்கு எழுதிய பாடத்தை மானாவாரி நிலத்திலும் சொல்ல வேண்டியிருந்ததற்கு அதுவே காரணம். பணியாளர் எல்லா உழவரையும் பார்க்க முடியாது என்பதால் பத்தில் ஒருவரைத் தொடர்பு உழவராக வைத்தார்கள். அவர் மற்றவர்களுக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள். பல இடங்களில் சேதி அவர் வரப்போடு நின்றது. சம்பளச் செலவோ பெரிது. 1990களில் உலக வங்கி விலகியதும் மாநிலங்களால் அதைத் தாங்க முடியவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். விதை நேர்த்தியும் சேமிப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில். ஆனால் அலுவலரும் ஆண், தொடர்பு உழவரும் ஆண். நட வேண்டிய இடைவெளி பற்றிய பாடம் நடாதவர் காதில் விழுந்தது. 1986இல் டென்மார்க் உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய மகளிர் வேளாண் பயிற்சித் திட்டம் இதைச் சரிசெய்ய முயன்றது. பெண் அலுவலர்கள் ஊருக்குப் போய் உழவர் மகளிருக்கு நேரடியாகக் கற்றுக் கொடுத்தார்கள். பணியில் யாரை அமர்த்துகிறோம் என்பதும் கட்டமைப்புதான்.

சுருக்கமாக: வேலையைக் குறுக்கி, நாளைக் குறித்து, மேற்பார்வையை நெருக்கினால் அலுவலர் வயலுக்கு வருவார் என்று இந்த முறை காட்டியது. வந்தவரிடம் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால், கேட்டதை மேலே கொண்டுபோக வழியும் இல்லையென்றால், அந்த வருகை வற்றிப்போகும் என்றும் காட்டியது.

## எதை எண்ணுகிறோமோ அதுவே நடக்கும்

திருந்திய நெல் சாகுபடியை எடுத்துக்கொள்வோம். பதினான்கு நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டர் சதுர நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர், கோனோவீடரால் களையை மடக்கி மண்ணில் அமுக்குதல். 2000களில் இது தமிழ்நாடு முழுவதும் பரப்பப்பட்டது. விளைச்சலும் நீர்ச் சிக்கனமும் உண்மையான பலன்கள்.

மேலிடம் கேட்ட கணக்கு: எத்தனை எக்டேர்? வயலில் நடந்ததோ வேறு. ஒருவர் இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்னொருவர் இளநாற்று வைத்தார், ஆனால் வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வருவதால் காயவிட அவருக்குத் துணிவில்லை. களிமண்ணில் கோனோவீடரைத் தள்ள முடியாமல் ஆள்கள் வேலையை விட்டுப் போனார்கள். இவை ஒவ்வொன்றும் ஆராய்ச்சியாளருக்குத் தங்கம் போன்ற சேதி. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'எக்டேர்' என்ற ஒரே கட்டத்தில் எல்லாரும் ஒன்றாகிவிட்டார்கள்.

எண்ணப்படும் வேலை நடக்கும், எண்ணப்படாதது தள்ளிப்போகும். அது மனித இயல்பு. விற்ற விதை எத்தனை கிலோ, செயலியில் ஏற்றிய பெயர் எத்தனை என்று வாராவாரம் கேட்கிறார்கள். புகையான் பூச்சி வந்த நெல் வயலில் அடித்தூரை விலக்கிப் பார்த்து, "யூரியா போடாதீங்க, தண்ணியை வடிங்க, எட்டடிக்கு ஒரு பட்டம் பிரிச்சு காத்துக்கு வழி விடுங்க" என்று ஒருவரைக் காப்பாற்றியதை யாரும் கேட்பதில்லை. அந்த அரைமணி நேரம் எந்த அறிக்கையிலும் இல்லை. எனக்கு இதுதான் மிகுந்த வேதனை தருகிறது. இந்தத் தொழிலின் ஆகச் சிறந்த தருணம் கணக்கில் வராத தருணமாக இருக்கிறது.

## இரண்டு பேருக்குப் பதில் சொல்பவர்

அடுத்த முயற்சி 'அட்மா', அதாவது வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை. 1990களின் இறுதியில் 7 மாநிலங்களில் 28 மாவட்டங்களில் சோதித்து, 2005 முதல் விரிவாக்கினார்கள். முந்தைய முறையின் நோயை இது சரியாகவே கண்டுபிடித்தது. திட்டம் கீழிருந்து மேலே போக வேண்டும், வட்டார அளவில் உழவர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும், வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை எல்லாம் மாவட்டத்தில் ஒரே மேசைக்கு வர வேண்டும். முடிவெடுக்கும் உரிமையைக் கீழே இறக்குவதற்கு அதிகாரப் பரவல் என்று பெயர்.

நல்ல எண்ணம். ஆனால் பழைய ஏணியை எடுக்காமல் அதன் பக்கத்தில் புதிய ஏணி சாத்தப்பட்டது. வட்டார தொழில்நுட்ப மேலாளர், உதவி தொழில்நுட்ப மேலாளர் என்று ஒப்பந்தப் பணியாளர்கள் வந்தார்கள். பட்டப்படிப்பு உண்டு, ஆர்வம் உண்டு, நிரந்தரம் இல்லை. ஒரு பக்கம் அட்மா வழிகாட்டுதல், இன்னொரு பக்கம் அதே கட்டடத்தில் உதவி இயக்குநரின் அவசர வேலை. பந்தியில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே ஆளைக் கூப்பிட்ட கதைதான். இப்படி ஒருவருக்கு இரண்டு கட்டளைக் கோடுகள் இருந்தால், குரல் உரத்து வரும் கோடே வெல்லும். அது பெரும்பாலும் அறிக்கை கேட்கும் கோடு.

## கட்டமைப்பு ஒரே இரவில் மாறினால்: இலங்கை

இலங்கையில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது. விவசாய விரிவாக்கம் மாகாணங்களுக்குப் போனது; ஆராய்ச்சி மத்திய அரசிடமே இருந்தது. பல மாகாணங்களில் பரவிய பெரிய பாசனத் திட்டப் பகுதிகளும் மத்தியிடம் நின்றன. சமையல்கட்டு ஒருவரிடம், பந்தி இன்னொருவரிடம்.

இரண்டாவது அடி 1989இல் விழுந்தது. கே.வி.எஸ். என்று அழைக்கப்பட்ட, கிராமத்திலேயே இருந்த விரிவாக்கப் பணியாளர்கள் சுமார் 2,400 பேர், ஊர் நிர்வாகம் பார்க்கும் கிராம உத்தியோகத்தர்களாக மாற்றப்பட்டார்கள். ஆள்கள் அதே ஊரில்தான் இருந்தார்கள். பயிரைப் பற்றி அவர்கள் கற்றதும் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அவர்கள் வேலை இப்போது சான்றிதழும் பதிவேடும். உழவருக்குப் பயிர் அறிவுரை சொல்லும் விவசாயப் போதனாசிரியர்களுக்குக் கீழே இருந்த படி காணாமல் போனது. ஒரு போதனாசிரியர் பல மடங்கு குடும்பங்களைப் பார்க்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில், உழவர் சேவைக்கான அரசு அலுவலகங்களான கமநல சேவை நிலையங்களில் வேறு திணைக்களத்தின் கீழ் வேறு உதவியாளர்கள் வந்தார்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு அரசுகளின் அலுவலர்கள்.

'சோம்பேறி அலுவலர்' என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்ட விரும்பும் சான்று இது. ஆள் மாறவில்லை, ஊர் மாறவில்லை; நாற்காலியின் பெயர் மாறியதும் வயல் வருகை நின்றது.

## வெற்றிடத்தில் நுழைந்தவர்

அலுவலர் வராத இடம் காலியாக இருப்பதில்லை. 2003இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் இந்திய உழவர் குடும்பங்களிடம், நவீன தொழில்நுட்பத் தகவல் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டது. 60 விழுக்காட்டினர் எந்த வழியிலும் பெறவில்லை. விரிவாக்கப் பணியாளரிடம் பெற்றவர்கள் 5.7 விழுக்காடு. உரம், மருந்துக் கடைக்காரரிடம் பெற்றவர்கள் 13.1 விழுக்காடு. சக முன்னோடி உழவரிடம் பெற்றவர்கள் 16.7 விழுக்காடு.

கடைக்காரர் ஏன் முந்துகிறார்? அவர் கட்டமைப்பு எளிது. காலையில் கடை திறந்திருக்கும், இலையைக் காட்டினால் உடனே பதில், கடனுக்கும் தருவார். அவரை யாரும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. ஆனால் அவருடைய கட்டத்தில் எண்ணப்படுவது விற்பனை. "மருந்து வேண்டாம்" என்ற அறிவுரை அவரிடம் கிடைப்பது அரிது. அந்த அறிவுரையைச் சொல்லத்தான் அரசு ஊதியம் கொடுத்து ஒருவரை வைத்திருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கட்டமைப்பின் தலையில் கட்டிவிட முடியாது. ஒரே வட்டாரத்தில், ஒரே சுமையோடு, விடியற்காலையில் வரப்பில் நிற்கும் அலுவலரும் உண்டு; டிப்போவை விட்டு அசையாதவரும் உண்டு. மனமும் பயிற்சியும் பணியிட மாற்றமும் பதவி உயர்வும் சேர்ந்தே ஒருவரை ஆக்குகின்றன. ஆனால் நல்லவர் மட்டுமே தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு ஆகாது.

## உழவர் இதை எப்படிப் பயன்படுத்தலாம்

தமிழ்நாட்டில் இப்போது உழவர் அலுவலர் தொடர்புத் திட்டம் நடக்கிறது. ஊராட்சிகளுக்கு அலுவலர் குறித்த நாளில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பெனோரின் செவ்வாய்க்கிழமை நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. அலுவலர் வருகை விவரத்தை உழவன் செயலியில் பார்க்கலாம். பழைய முறையின் வலிமை ஊரே நாளை அறிந்திருந்ததில் இருந்தது. ஆகவே உங்கள் ஊராட்சியின் நாளைத் தெரிந்துகொண்டு, பால் சொசைட்டிப் பலகையிலோ டீக்கடையிலோ எழுதி வையுங்கள்.

வட்டார உழவர் ஆலோசனைக் குழுவில் உங்கள் ஊர் ஆள் யார் என்று கேளுங்கள். அங்கே "ஏஏஓ வரவில்லை" என்று சொல்வதோடு நிற்காமல், "எங்க ஏஏஓ மாசத்துல எத்தனை நாள் செயலி வேலையில இருக்கார்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் அப்போது ஏணியில் ஒரு படி மேலே இருப்பார்.

அலுவலர் வந்தால் மானியம் பற்றி மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். வயலுக்குள் கூட்டிப் போங்கள். 2018இல் மக்காச்சோளப் படைப்புழு இந்தியாவுக்குள் புதிதாக நுழைந்தபோது, பெரம்பலூர்ப் பக்கம் உழவர்கள் குருத்தைப் பிளந்து காட்டியது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத புழு. அந்தச் சேதி மேலே போனால்தான் அடுத்த பட்சத்துப் பயிற்சியில் அலுவலருக்குச் சொல்லிக் கொடுக்க ஏதாவது இருக்கும்.